60 இலட்சம் கட்டுரைகள் சொல்லாதவை: செபுவானோ, கோசா விக்கிப்பீடியாக்கள்

கட்டுரை எண்ணிக்கையை வைத்து விக்கிப்பீடியாக்களை வரிசைப்படுத்தினால், ஆங்கிலத்துக்கு அடுத்து நிற்பது ஜெர்மனும் அல்ல, பிரெஞ்சும் அல்ல. பிலிப்பைன்ஸின் நடுத்தீவுகளிலும் மின்டனாவோவிலும் பேசப்படும் செபுவானோதான் அந்த இடத்தில் இருக்கிறது. 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். அதே பட்டியலில் வெகு கீழே, சில ஆயிரங்களைத் தாண்டாமல் நிற்கிறது தென்னாபிரிக்காவின் கோசா. தாய்மொழியாகப் பேசுவோர் செபுவானோவுக்கு ஏறக்குறைய 2 கோடி, கோசாவுக்கு ஏறக்குறைய 80 இலட்சம். ஆட்களில் இரண்டரை மடங்கு வித்தியாசம், கட்டுரைகளில் ஆயிரம் மடங்குக்கு மேல். இத்தனைக்கும் கோசா நாட்டின் அரசமொழிகளில் ஒன்று. செபுவானோவுக்குத் தேசிய மட்டத்தில் அந்த இடம் இல்லை.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து இந்த இரண்டு தளங்களுக்குள் நுழைபவர்களுக்குக் காரணங்கள் உண்டு. வளைகுடா நாடுகளில் வேலைசெய்யும் நம் பகுதி ஆட்களுக்குப் பிலிப்பைன்ஸ்காரர்கள் அன்றாட வேலைத்தோழர்கள். அவர்களில் பலர் தங்களுக்குள் பேசுவது ‘பிசாயா’. செபுவானோவை அதன் மக்கள் அழைக்கும் பெயர் அது. கோசா நமக்குக் கிரிக்கெட் வழியாகப் பழக்கம்: 1998 மார்ச்சில் கேப்டவுனில் இலங்கைக்கு எதிராகத் தன் முதல் டெஸ்ட்டை ஆடிய மக்காயா நிட்டினி கோசாக்காரர். நெல்சன் மண்டேலாவின் தாய்மொழியும் அதுவே. இவை தவிர மூன்றாவது காரணம் ஒன்றும் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் நம் ஊர்களைப் பற்றி எழுதுகிறவர்கள், ‘செபுவானோக்காரர் செய்ததுபோல் நாமும் கணினியைக் கொண்டு ஒரே மூச்சில் எழுதிவிட்டால் என்ன?’ என்று கேட்பது. இந்த மதிப்பீடு முக்கியமாக அவர்களுக்கு.

முதலில் சோதிக்கும் முறை. விக்கிப்பீடியா முகவரியின் தொடக்கத்தில் மொழிக்குறி வரும்: செபுவானோவுக்கு சி, ஈ, பி என்ற மூன்றெழுத்து, கோசாவுக்கு எக்ஸ், எச் என்ற இரண்டெழுத்து. தமிழில் ‘ஏதாவது ஒரு கட்டுரை’ என்று இருக்கும் இணைப்பு எல்லா மொழிப் பதிப்பிலும் உண்டு. கணினியில் ஆல்ட், ஷிஃப்ட், எக்ஸ் மூன்றையும் ஒன்றாக அழுத்தினாலும் அது திறக்கும். இருபது தடவை அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று விடயங்களை மட்டும் கவனியுங்கள்: கட்டுரை எதைப் பற்றியது, பக்க வரலாற்றில் முதல் பதிவைச் செய்தது யார், அதற்குப் பிறகு மனிதர் யாராவது கை வைத்திருக்கிறாரா. இருபது போதும், படம் தெளிந்துவிடும். முதற்பக்கத்துக் கட்டுரை எண்ணிக்கையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது, குளத்தின் அகலத்தைப் பார்த்து ஆழம் சொல்வது போன்றது.

செபுவானோவில் அந்த இருபதும் பெரும்பாலும் ஆறு, குன்று, தீவு, ஊர், அல்லது ஒரு பூச்சி இனம், ஒரு தாவர இனம். முதல் பதிவைச் செய்த பெயர் திரும்பத் திரும்ப ஒன்றே: எல்எஸ்ஜேபாட். ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வர்க்கர் யோஹான்சன் எழுதிய தானியங்கி நிரல் அது. அவருடைய மனைவி பிலிப்பைன்ஸில் பிறந்தவர். அந்தத் தொடர்பால்தான் ஸ்வீடிஷ் மொழியோடு செபுவானோவும் வாராய் என்ற இன்னொரு பிலிப்பைன்ஸ் மொழியும் இந்தத் திட்டத்துக்குள் வந்தன. உச்சத்தில் ஒரு நாளைக்கு 10,000 கட்டுரைகள் வரை அது எழுதியது. 2014 ஜூலையில் செபுவானோ 10 இலட்சத்தைத் தாண்டியது. ஸ்வீடிஷ் பதிப்பில் இதே தானியங்கி எழுதியவற்றில் பல இலட்சம் பின்னர் நீக்கப்பட்டன. செபுவானோவில் அப்படி நடக்கவில்லை.

இடங்களைப் பற்றிய கட்டுரைகளுக்கு மூலம் ஜியோநேம்ஸ் என்ற இலவசத் தரவுத்தளம். அதில் ஒவ்வோர் இடமும் ஒரு புள்ளி: ஆங்கில எழுத்தில் பெயர், அகலாங்கு, நெட்டாங்கு, இது ஆறா மலையா ஊரா என்று காட்டும் ஒரு குறி. அதனோடு உயரத் தரவையும், செய்மதி அளந்த வெப்பநிலை, மழைத் தரவையும் சேர்த்துத் தானியங்கி வாக்கியங்களை நிரப்பும். கிடைப்பது இதுதான்: இன்ன இடம் இன்ன நாட்டில் இருக்கிறது, தலைநகரிலிருந்து இத்தனை கிலோமீற்றர், சுற்றுப்புறம் தட்டையா மேடா, சராசரி வெப்பம், அதிக மழை பெய்யும் மாதம், குறைந்த மழை பெய்யும் மாதம். ஓரிடத்தின் ஆள்கூறு மட்டும் தேவையென்றால் இது பயனுள்ளதே. குறைத்து மதிப்பிட வேண்டாம். பெரிய மொழிகள் தொடாத சிற்றாறுகளுக்கும் அங்கே ஒரு பக்கம் இருக்கிறது.

எங்கே பிழைக்கிறது என்பதற்கு நம் மாவட்டங்களே நல்ல சோதனைக்களம். அம்பாறையின் பெரிய ஆற்றுக்குக் கல் ஓயா என்றும் பெயர், பட்டிப்பளை ஆறு என்றும் பெயர். ஒரே ஆறு இரண்டு பெயரில் இரண்டு புள்ளியாகத் தரவில் ஏறிவிட்டால், தானியங்கி கண்ணை மூடிக்கொண்டு இரண்டு ஆறுகளைப் படைத்துவிடும். வாழைச்சேனைக்கும் ஓட்டமாவடிக்கும் ஆங்கில எழுத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டல் புழங்குகிறது. ஒவ்வொரு கூட்டலும் இன்னோர் ஊராக மாற வாய்ப்பு. புதுக்குடியிருப்பு மட்டக்களப்பிலும் உண்டு, முல்லைத்தீவிலும் உண்டு. அங்கே ஆள்கூற்றைப் பார்க்காமல் பெயரை மட்டும் நம்பினால் ஆள் இருநூறு கிலோமீற்றர் தள்ளிப் போய் நிற்பார். காலநிலைத் தரவோ கட்டம் கட்டமாக அளந்தது. ஒரு கட்டத்துக்குள் விழும் எல்லா இடத்துக்கும் ஒரே எண். கடலோரத்துக் கல்லாறும் வாவிக்கு அப்பால் உள்ள வயல்வெளியும் ஒரே வெயிலில் காய்வதாகத் தோன்றுவது இதனால்.

தவறு என்று சொல்ல முடியாத குறை ஒன்றும் உண்டு, அதுவே பெரியது. வாவியின் கிழக்குப் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை என்ற பிரிப்பு எந்தப் புள்ளியிலும் இல்லை. மாரியில் வாவி பெருகினால் முகத்துவாரம் வெட்டுவார்கள் என்பதும் இல்லை. மழை அதிகம் பெய்யும் மாதம் எது என்று சொல்லும் பக்கத்துக்கு, அந்த மழை ஊரை என்ன செய்கிறது என்று தெரியாது.

இப்போது மொழிக்கு வருவோம். தானியங்கி ஏன் செபுவானோவில் இவ்வளவு இலகுவாக ஓடியது? அந்த மொழியைத் தேர்ந்ததற்குக் காரணம் யோஹான்சனின் குடும்பம்தான், இலக்கணம் அல்ல. ஆனால் ஓடியபோது இலக்கணம் கைகொடுத்தது என்பது எங்கள் முடிவு. செபுவானோவில் பயனிலை முன்னே வரும். ‘சுபா’ என்றால் ஆறு. ‘சுபா அங் கல் ஓயா ஸா ஸ்ரீலங்கா’ என்றால் கல் ஓயா ஸ்ரீலங்காவில் உள்ள ஓர் ஆறு. ஆற்றை எடுத்துவிட்டு மலையைக் குறிக்கும் ‘புகிட்’ என்ற சொல்லை வையுங்கள். வேறு ஒன்றும் மாறாது. ‘அங்’ எழுவாயைக் காட்டும், ‘ஸா’ இடத்தைக் காட்டும். இரண்டும் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும். பெயரின் உடம்பைத் தொடாது. பெரிய ஆறு ‘டாகோ ங சுபா’, பெரிய மலை ‘டாகோ ங புகிட்’. வெற்றிடம் விட்ட படிவம்போல, உள்ளே எந்த நாட்டுப் பெயரைப் போட்டாலும் வாக்கியம் குலையாது.

கோசாவில் இதே வேலையைச் செய்து பாருங்கள். அங்கே பெயர்ச்சொற்கள் 15 வகுப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. வகுப்புக்கு ஒரு முன்னொட்டு. அந்த முன்னொட்டு வாக்கியம் முழுவதும் தன் சாயலைப் பரப்பும். ஆறு ‘உம்லாம்போ’, மலை ‘இன்டாபா’, நாடு ‘இலிஸ்வே’, பள்ளிக்கூடம் ‘இசிகோலோ’. ‘இது ஆறு’ என்றால் ‘ங்கும்லாம்போ’, ‘இது மலை’ என்றால் ‘யின்டாபா’, ‘இது நாடு’ என்றால் ‘லிலிஸ்வே’, ‘இது பள்ளிக்கூடம்’ என்றால் ‘சிசிகோலோ’. ‘பெரிய’ என்ற ஒரே சொல் ஆற்றுக்கு ‘ஓம்குலு’, மலைக்கு ‘என்குலு’, நாட்டுக்கு ‘எலிகுலு’, பள்ளிக்கூடத்துக்கு ‘எசிகுலு’. இடவேற்றுமை வந்தால் சொல்லின் தலையும் வாலும் சேர்ந்தே மாறும்: மலையில் ‘என்டாபேனி’, நாட்டில் ‘எலிஸ்வேனி’, பள்ளிக்கூடத்தில் ‘எசிகோல்வேனி’. ஆற்றில் என்பது ‘எம்லான்ஜேனி’. ‘ம்போ’ என்ற ஒலி ‘ன்ஜே’ ஆகிவிட்டதைக் கவனியுங்கள்.

தமிழ் படித்தவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆறு ஆற்றில் ஆகிறது, வீடு வீட்டில் ஆகிறது, குளம் குளத்தில் ஆகிறது. ஏறாவூர் ஏறாவூரில், கல்முனை கல்முனையில், மட்டக்களப்பு மட்டக்களப்பில். ஒவ்வொன்றுக்கும் வேறு புணர்ச்சி. முன்னொட்டு கோசாவின் வழி, பின்னொட்டு நம் வழி. ஒட்டி ஒட்டிச் சொல் கட்டுவதில் இரண்டும் ஓரினம்போல் நடக்கின்றன. இந்த விதிகளை நிரலாக எழுத முடியாதா? முடியும். ஆனால் எழுத வேண்டும். எழுத மொழியும் தெரிந்து நிரலும் தெரிந்த ஆள் வேண்டும். செபுவானோவுக்கு அந்த உழைப்பின் பெரும்பகுதி தேவைப்படவில்லை.

தமிழுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. செபுவானோ எழுதப்படுவது இலத்தீன் எழுத்தில். ஜியோநேம்ஸ் பெயரை அப்படியே எடுத்து ஒட்டிவிடலாம். தமிழில் அந்தப் பெயரை நம் எழுத்துக்கு மாற்ற வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ல, ள, ழ வேறுபாடு தெரியாது. குறில் நெடில் தெரியாது. ர, ற தெரியாது. வாழைச்சேனையை இயந்திரத்திடம் கொடுத்தால் ‘வலைச்சேனை’ என்று வரும். வாழைக்கும் வலைக்கும் இடையே உள்ள தூரம் ஊர்க்காரருக்குத்தான் தெரியும். ஏறாவூர் ‘எரவூர்’ ஆகும். ஆகவே தானியங்கியைத் தொடுவதற்கு முன்னர், கிராம சேவையாளர் பிரிவுப் பெயர்களைத் தமிழிலேயே உள்ள பட்டியலிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாக ஊர்வழக்கோடு ஒப்பிட்டு, ‘இல்’ வேற்றுமை வடிவத்தைப் பக்கத்துக் கட்டத்தில் கையால் எழுதி வையுங்கள். நூறு பெயருக்கு ஓரிரு மணி நேரம் போதும். தமிழ்நாட்டு ஊராட்சிகள் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் தானியங்கிக் கட்டுரைகள் வந்தது பெயர்கள் தமிழிலேயே இருந்த தரவிலிருந்து. அதுவே சரியான தொடக்கம்.

கோசா விக்கிப்பீடியாவுக்கு வருவோம். எண்ணிக்கை சிறியது, கட்டுரைகளும் பெரும்பாலும் சின்னவை. இடைமுகத்தில் கோசாவும் ஆங்கிலமும் கலந்து வரும். மொழிபெயர்க்கப்படாத பொத்தான்கள் ஆங்கிலத்திலேயே நிற்கும். ஆனால் பக்க வரலாற்றைத் திறந்தால் மனிதர் பெயர்கள் தெரிகின்றன, ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்திய தடம் தெரிகிறது. மொழி பயில்கிறவருக்கு இது பெரிய விடயம். ஒரே அச்சில் வார்த்த ஆயிரம் வாக்கியங்களிலிருந்து கிடைப்பது ஒரே ஒரு வாக்கியம்தான். மனிதர் எழுதிய பத்து வாக்கியங்களிலிருந்து பத்து கிடைக்கும்.

அங்கே தேடும்போது சிக்குவது முன்னொட்டில். கோசாவில் கேப்டவுன் ‘இகாபா’: முதலில் சிறிய ஐ, அடுத்துப் பெரிய எழுத்தில் கே. விக்கிப்பீடியா தலைப்பின் முதலெழுத்தைத் தானாகவே பெரிதாக்கிவிடும். இதனால் அகரவரிசையில் தலைப்புகள் ஏராளமாக ஒரே எழுத்தின் கீழ் போய்க் குவிகின்றன. முன்னொட்டோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை என இரண்டு தடவை தேடுங்கள். அகராதி பார்க்கவும் இதே பழக்கம் உதவும்: கோசாவின் பழைய அகராதிகள் சொல்லை அடி வடிவில்தான் அடுக்கும். ‘உம்லாம்போ’வை உகரத்தில் தேடக்கூடாது, ‘லாம்போ’வில் தேட வேண்டும். வந்தான் என்ற சொல்லுக்கு ‘வா’வைத் தேடுவதுபோல.

ஒலிப்பில் கோசா கடினம், அதை மறைக்கத் தேவையில்லை. அதில் சொடுக்கொலிகள் 18. அடிப்படை மூன்று. இலத்தீனில் சி என்று எழுதுவது, பரிதாபப்படும்போது நாம் பல்லில் நாக்கை வைத்துச் ‘ச்சு’ கொட்டும் அதே ஒலி. எக்ஸ் என்று எழுதுவது கன்னத்தோரம் எழும் ஒலி, மாட்டை விரட்டுகிறவர் எழுப்புவதுபோல. கியூ என்று எழுதுவது நாக்கு அண்ணத்திலிருந்து பிரியும்போது போத்தல் மூடி திறந்ததுபோல் கேட்கும். மூன்றும் நம் வாய்க்கு வரும். ஆனால் நம்மிடம் அவை சொல்லுக்குள் எழுத்தாக வருவதில்லை. அதனால் தமிழில் ‘கோசா’ என்று எழுதும்போதே அந்தப் பெயரின் முதலொலி போய்விடுகிறது. அது கன்னத்தோரச் சொடுக்கு.

செபுவானோவோ ஒலிப்பில் நமக்கு மிக நெருக்கம். பாடசாலையில் நெடுங்கணக்குக்கு வெளியே ங என்ற எழுத்தில் தொடங்கும் சொல்லை நாம் எழுதுவதில்லை. செபுவானோவில் பெயர் ‘ஙாலான்’, பல் ‘ஙிபொன்’. ஆங்கிலம் பேசுபவர் தடுமாறும் இடத்தில் தமிழருக்கு எழுத்தே தயாராக இருக்கிறது.

அதைவிடப் பெரிய உறவு ‘நாம்’, ‘நாங்கள்’. எதிரில் இருப்பவரையும் சேர்த்தால் ‘கிட்டா’, அவரை விட்டுவிட்டால் ‘கமி’. கோசாவில் இரண்டுக்கும் ‘தினா’ ஒன்றே. கைபேசி மொழிபெயர்ப்புச் செயலி தமிழிலிருந்து ஆங்கிலம் வழியாகச் செபுவானோவுக்குப் போனால், இரண்டு கரையிலும் இருக்கும் இந்த வேறுபாடு நடுவில் விழுந்துவிடும். ‘நாங்கள் சாப்பிட்டுவிட்டோம்’ என்று சொல்ல நினைத்தது ‘நீங்களும் சேர்ந்து சாப்பிட்டீர்கள்’ என்று போய்ச் சேரலாம். செயலி தரும் வாக்கியத்தில் இந்த ஒரு சொல்லை மட்டும் கையால் திருத்துங்கள். இல்லை, அல்ல என்ற பிரிவும் அப்படியே: ‘வலாய் தூபிக்’ என்றால் தண்ணீர் இல்லை, ‘டிலி கோ மாயெஸ்ட்ரோ’ என்றால் நான் ஆசிரியர் அல்ல. பேச்சில் நாம் இரண்டையும் ‘இல்லை’ ஆக்கிவிட்டோம். எழுத்தில் இன்னும் வைத்திருக்கிறோம்.

இன்னும் ஒன்று, பறங்கியர் வாழும் மட்டக்களப்புக்கு நெருக்கமானது. நம் மேசையும் ஜன்னலும் போர்த்துக்கேயர் தந்தவை. செபுவானோவில் மேசை ‘லாமேசா’, ஜன்னல் ‘பிந்தானா’. ஸ்பானியர் தந்தவை, ‘லா’ என்ற ஸ்பானியச் சுட்டும் சேர்த்து. கோசாவில் ‘இடாஃபிலே’, ‘இஃபெஸ்டிலே’. ஒல்லாந்தர் வழிவந்த ஆப்பிரிக்கான்ஸ் தந்தவை, முன்னால் கோசா தன் ‘இ’யை ஒட்டிக்கொண்டது. நம் கந்தோர் வந்த வழியும் ஒல்லாந்தர்தான்.

பயன்பாட்டைப் பொறுத்துச் சொன்னால்: செபுவானோ பேசப் பழக விக்கிப்பீடியாவைத் தவிர்த்துவிடுங்கள். 1930 முதல் வெளிவரும் ‘பிசாயா’ இதழின் கதைகளும், ஜான் வுல்ஃப் 1972-இல் வெளியிட்ட அகராதியும் மேல். அகராதி இணையத்தில் இலவசம். ஒரு எச்சரிக்கை: அதில் சொற்கள் அ, இ, உ என்ற மூன்று உயிர்களில் மட்டும் அடுக்கப்பட்டிருக்கின்றன. ‘டாகோ’ கிடைக்காது, ‘டாகு’ கிடைக்கும். நேரம் கேட்கவும் விலை பேசவும் ஸ்பானிய எண்கள் புழங்குவதால் அவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். இரண்டு மணி ‘அலாஸ் டோஸ்’. கோசாவுக்கு விக்கிப்பீடியாவை வைத்துக்கொள்ளலாம், கூடவே கோசா உள்ளிட்ட அரசமொழிகளில் வெளியாகும் ‘வூக்கூசென்சேலே’ அரசுப் பத்திரிகையைச் சேருங்கள். ஒரே செய்தியை ஆங்கிலப் பதிப்போடு பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். காதுக்கு ‘உம்ஸ்லோபோ வெனேனே’ வானொலி.

மொழிக்கருவி செய்யத் தரவு திரட்டுபவர்கள் செபுவானோ விக்கிப்பீடியாவை அப்படியே அள்ளவே கூடாது. முதல் பதிவு தானியங்கியுடையதாகவும், பின்னர் மனிதர் தொடாததாகவும் உள்ள பக்கங்களைக் கழித்துவிட்டு மிஞ்சுவதை மட்டும் எடுங்கள். மிஞ்சுவது கொஞ்சம்தான், ஆனால் அதில்தான் மொழி இருக்கிறது.

கடைசியாக, நம் ஊர்ப் பக்கங்களைத் திருத்துகிறவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல். ஒரே விடயம் பற்றிய பல மொழிப் பக்கங்களை ஒன்றாக இணைக்கும் தளம் விக்கித்தரவு. அதில் ஒவ்வொரு விடயத்துக்கும் உள்ள பதிவுதான் உருப்படி. தமிழ்க் கட்டுரையை அங்கே இணைக்கப் போனால், ஒரே ஊருக்கு இரண்டு உருப்படிகள் இருக்கும். இரண்டிலும் செபுவானோ இணைப்பு ஒட்டியிருந்தால் ஒன்றிணைக்கும் கருவி மறுத்துவிடும். ஒரு மொழிக்கு ஓர் உருப்படியில் ஒரு பக்கமே இருக்கலாம். வலுக்கட்டாயமாக இணைப்பை அழிக்காதீர்கள். முதலில் இரண்டின் ஆள்கூறுகளையும் வரைபடத்தில் வைத்து அது உண்மையில் ஒரே ஊர்தானா என்று உறுதிசெய்யுங்கள். ஆம் என்றால், தமிழ்க் கட்டுரையை அதிக மொழிகள் இணைந்த உருப்படியில் சேர்த்து, மற்றதில் பி2959 என்ற பண்பின் கீழ் ‘நிரந்தர இரட்டை’ என்று குறித்துவிடுங்கள். செபுவானோவில் ஒரு பக்கத்தை மற்றதற்கு வழிமாற்றும்படி அங்கே கேட்டு, அது நடந்த பிறகு ஒன்றிணையுங்கள். ஜியோநேம்ஸில் கணக்குத் திறந்து பெயரையும் புள்ளியையும் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். ஆனால் ஏற்கெனவே எழுதப்பட்ட செபுவானோப் பக்கம் அதனால் மாறாது. அதைத் தனியாகத் திறந்து, கையால்தான் மாற்ற வேண்டும்.